ஒரே சந்தையில் வாங்கி விற்றவன்: ‘ரிக்ரேட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லின் கதை

எங்கள் கடை இருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் பழைய புத்தகங்கள் பரப்பி வைப்பார்கள். அட்டை போன ஒரு பெரிய ஆங்கில அகராதி அங்கே எடைக்குப் போகத் தயாராகக் கிடந்தது. பருப்பு நிறுக்கிற கைக்கு அதன் எடை தெரியும். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் அதைப் புரட்டுவது பழக்கமாகிவிட்டது. கல்லூரிப் படிப்பு இல்லாத எனக்கு அதுதான் கல்லூரி.

ஒருநாள் ‘ரிக்ரேட்’ என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. ‘ரிக்ரெட்’, அதாவது வருந்துதல், எனக்குத் தெரியும். ரயில் தாமதமானால் நிலையத்தில் ஒலிபெருக்கியில் தினமும் கேட்கிற சொல்தானே! அச்சுப்பிழையில் குறில் நெடிலாகிவிட்டது போலும் என்று முதலில் நினைத்தேன். இல்லை. இது தனிச்சொல். உணவுப் பொருளை ஒரு சந்தையில் வாங்கி, அதே சந்தையிலோ பக்கத்துச் சந்தையிலோ லாபத்துக்குத் திரும்ப விற்பது என்று பொருள் போட்டிருந்தது. கூடவே, பழைய சட்டப்படி இது தண்டனைக்குரிய குற்றம் என்ற குறிப்பும் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது வருடமாக நான் செய்வது அதுதானே? அன்றிலிருந்து அந்தச் சொல்லை விடாமல் துரத்தினேன். துரத்திக் கண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம்மில் பலர் கடை வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் கடையில் வாங்குபவர்கள். ஆகவே இது எல்லோருக்கும் உள்ள கதை.

மூன்று அண்ணன் தம்பிகள்

ரிக்ரேட் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரான்சில் சில்லறையாக வாங்கி விற்பவருக்கு, முக்கியமாக உப்பைச் சிறிது சிறிதாக விற்பவருக்கு, இதே வேரில் பிறந்த ஒரு பெயர் வெகுகாலம் வழங்கியது. ஆங்கிலச் சட்டத்தில் இந்தச் சொல் தனியாக வராது. ‘ஃபோர்ஸ்டால்’, ‘என்குரோஸ்’ என்ற இரண்டு சொற்களோடு சேர்ந்தே வரும்.

ஃபோர்ஸ்டால் என்பது சுத்தமான பழைய ஆங்கிலம். வழியில் பதுங்கி நின்று மறிப்பது என்பது அதன் முதற்பொருள். வழிப்பறிக்காரன் செய்கிற வேலை. பிறகு, சந்தைக்கு வண்டியில் வரும் தானியத்தை ஊர் எல்லையிலேயே மடக்கி விலை பேசி வாங்கிவிடும் வியாபாரிக்கும் அதே சொல்லைப் போட்டுவிட்டார்கள். மக்கள் மனதில் அவனும் வழிப்பறிக்காரனும் ஒன்றுதான் என்று இதிலேயே தெரிகிறது.

என்குரோஸ் என்பது மொத்தமாக வாங்கிக் குவிப்பது. ‘மொத்தமாக’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. மளிகைக்காரரை நாம் இன்று ‘குரோசர்’ என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். மொத்த வியாபாரி என்பதே அதன் பழைய பொருள். லண்டனில் குரோசர் சங்கத்தாருக்கு முன்னாளில் ‘மிளகு வணிகர்’ என்று பெயர். ஐரோப்பாவுக்குப் போன மிளகு நம் தெற்கத்திச் சீமையின் மேற்குக் கரையில் விளைந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1363-இல் இங்கிலாந்து நாடாளுமன்றமே இந்தக் குரோசர்கள் எல்லாச் சரக்கையும் வாங்கிக் குவித்து விலையேற்றுகிறார்கள் என்று சட்டத்தில் எழுதி வைத்தது. மளிகைக்காரர் மேல் புகார் அவ்வளவு பழையது!

இன்று ஃபோர்ஸ்டால் என்றால் முந்திக்கொண்டு தடுப்பது. என்குரோஸ் என்றால் மனதை முழுக்க ஈர்ப்பது. இரண்டும் வியாபாரத்தை விட்டுவிட்டு மரியாதையான வேலைக்குப் போய்விட்டன. ரிக்ரேட் மட்டும் வேறு வேலை தேடவில்லை. சந்தையிலேயே இருந்து, சட்டம் செத்தபோது அதோடு சேர்ந்து செத்தது.

ரொட்டி விற்ற பெண்கள்

அந்தக் காலத்து ஆங்கிலச் சந்தை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இந்தச் சட்டம் புரியும். மணி அடித்த பிறகே வியாபாரம் தொடங்கும். முதல் சில மணி நேரம் குடும்பத்துக்கு வாங்க வருபவர்களுக்கு மட்டும். அவர்கள் வாங்கி முடித்த பிறகுதான் வாங்கி விற்பவன் உள்ளே வரலாம். விளைவித்தவனும் உண்பவனும் நேருக்கு நேர் நிற்க வேண்டும், நடுவில் எத்தனை கை நுழைகிறதோ அத்தனை முறை விலை ஏறும் என்பது அவர்கள் கணக்கு. 13-ஆம் நூற்றாண்டுச் சட்டங்களிலேயே வழிமறித்து வாங்குபவனை ஏழைகளை நசுக்குபவன், ஊருக்கே பகைவன் என்ற கருத்தில் ஏசியிருக்கிறார்கள்.

ஆனால் வாங்கி விற்றவர்கள் எல்லோரும் பெரும்புள்ளிகளா? இல்லை. 1419-இல் லண்டன் நகர எழுத்தராக இருந்த ஜான் கார்ப்பென்டர் நகரத்தின் பழைய விதிகளைத் தொகுத்தார். ‘வெள்ளைப் புத்தகம்’ என்று பொருள்படும் ‘லிபர் ஆல்பஸ்’ என்பது அதன் பெயர். ரொட்டியை அடுப்புக்காரரிடம் வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோய் விற்ற ஏழைப் பெண்கள் அதில் வருகிறார்கள். அவர்களுக்கும் ரிக்ரேட் செய்பவர்கள் என்றே பெயர். 12-க்குக் காசு கொடுத்தால் 13 கிடைக்கும். அந்தப் பதின்மூன்றாவதுதான் அவர்கள் லாபம். ஆங்கிலத்தில் 13-ஐ ‘ரொட்டிக்காரர் டஜன்’ என்று சொல்வதற்கு இதையும் ஒரு காரணமாகக் காட்டுவார்கள். நம்ம ஊர்க் காய்கறிக்கடைக் கொசுறு ஞாபகம் வருகிறது அல்லவா? அந்தப் பெண்களுக்கு வயிற்றுப்பாடே அந்தக் கொசுறுதான்.

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் பிளவ்மன்’ என்ற நீண்ட கவிதையில் பேராசை ஒரு மனிதனாக வந்து தன் பாவங்களை ஒப்புக்கொள்கிறது. அந்தப் பேராசையின் மனைவிக்கு ‘ரிக்ரேட் செய்யும் ரோஸ்’ என்று பெயர். நூல் நூற்றவர்களுக்குக் கூலி கொடுக்க ஒரு எடைக்கல், தனக்கு ஒரு எடைக்கல் என்று இரண்டு வைத்திருப்பவள் அவள். கவிஞன் திருட்டு எடையையும் வாங்கி விற்பதையும் ஒரே பெண்ணின் தலையில் கட்டிவிட்டான். இந்தக் குழப்பம்தான் அடுத்த நானூறு வருடமும் தொடர்ந்தது.

சட்டமும் தண்டனையும்

ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1552-இல், மூன்று குற்றங்களையும் சேர்த்து ஒரு தனிச்சட்டம் வந்தது. தானியம், மீன், வெண்ணெய், பாலாடைக்கட்டி, மெழுகுவத்தி, ஆடு, கோழி, புறா என்று பெரிய பட்டியல். இவற்றை ஒரு சந்தையில் வாங்கி, அங்கேயோ 4 மைல் சுற்றளவுக்குள் உள்ள இன்னொரு சந்தையிலோ விற்றால் அது ரிக்ரேட். முதல் தடவை 2 மாதச் சிறையும் சரக்கின் மதிப்பும் போகும். இரண்டாம் தடவை 6 மாதச் சிறையும் இரட்டிப்பு மதிப்பும். மூன்றாம் தடவை, தலையையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டிச் சந்தை நடுவே நிறுத்துவார்கள். சொத்து முழுவதும் பறிமுதல். அரசன் விரும்பும் வரை சிறை.

இவ்வளவு கடுமையான சட்டம் எப்படி நடைமுறைக்கு ஒத்துவரும்? லண்டன் வளர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஆள் இல்லாமல் அவ்வளவு பெரிய ஊருக்குச் சோறு போக முடியாது. ஆகவே சட்டத்திலேயே கதவும் வைத்தார்கள். உரிமம் வாங்கிய தானிய வியாபாரிக்கு விலக்கு உண்டு. கோதுமை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் வாங்கி வைக்கலாம். 1563-இல் வந்த இன்னொரு சட்டம் அந்த உரிமத்துக்குத் தகுதிகள் வைத்தது. 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்பஸ்தனாக இருக்க வேண்டும், அந்தப் பகுதியில் 3 வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும். ஊரில் வேர் உள்ளவன் ஊரை ஏமாற்ற யோசிப்பான் என்ற நினைப்பு போலும். வெளி மாநிலத்தில் கடை போட்டிருக்கும் நமக்கு இந்த இடம் கொஞ்சம் சுருக்கென்றுதான் தைக்கும்.

ஆடம் ஸ்மித்தும் 30 குவார்ட்டர் ஓட்ஸும்

1772-இல் நாடாளுமன்றம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கியது. நான்கு வருடம் கழித்து, 1776-இல், ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ வெளிவந்தது. குவித்து வைப்பவனைக் கண்டு மக்கள் பயப்படுவது சூனியக்காரியைக் கண்டு பயந்ததைப் போன்றது என்று ஸ்மித் எழுதினார். அவர் வாதத்தை நம் பாணியில் சொன்னால் இப்படி: கப்பலில் உணவு குறைகிறது என்று தெரிந்தால் நல்ல தலைவன் முதல் நாளிலிருந்தே அளவைக் குறைப்பான். விளைச்சல் குறைந்த வருடத்தில் தானிய வியாபாரி முன்கூட்டியே விலை ஏற்றுவதும் அதே வேலையைச் செய்கிறது. மக்கள் சிக்கனமாகச் செலவழிப்பார்கள், கடைசி மாதத்திலும் கொஞ்சம் மிஞ்சும். அவன் செய்வது தன் லாபத்துக்காக, ஆனால் பலன் ஊருக்கு.

சட்டப் புத்தகம் மாறினாலும் நீதிமன்றத்தின் மனது மாறவில்லை. எழுதாத பொதுச்சட்டத்தின்படி இது இன்னும் குற்றம்தான் என்றார் தலைமை நீதிபதி லார்டு கென்யன். 1800-இல், தானியம் கடும் விலை விற்ற நேரத்தில், ஜான் ரஸ்பி என்ற வியாபாரி அவர் முன் நின்றார். லண்டன் தானியச் சந்தையில் குவார்ட்டர் 41 ஷில்லிங்குக்கு ஓட்ஸ் வாங்கி, அதே நாளில் அதே இடத்தில் 30 குவார்ட்டரை 44 ஷில்லிங்குக்கு விற்றார் என்பது வழக்கு. ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். நாட்டுக்குப் பெரிய நன்மை செய்தீர்கள் என்று கென்யன் அவர்களைப் பாராட்டினார். சில வாரங்களில் ஒரு கூட்டம் ரஸ்பியின் வீட்டைத் தாக்கியது. பிறகு மேல் விசாரணையில், இது பொதுச்சட்டப்படி குற்றமா இல்லையா என்பதில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்துவிட, தண்டனை இல்லாமலேயே வழக்கு நின்றுபோனது. 1844-இல் வந்த ஒரு சட்டம் மூன்று குற்றங்களையும் ஒரேயடியாகத் துடைத்தது. ரிக்ரேட் என்ற வினைச்சொல்லும் அகராதிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்தக் கூட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரலாற்று அறிஞர் ஈ. பி. தாம்சன் 1971-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஏழைகள் தானியக் கிடங்குகளில் புகுந்தபோது பல இடங்களில் கொள்ளையடிக்கவில்லை என்று காட்டினார். நியாயம் என்று தாங்கள் கருதிய விலைக்குத் தானியத்தை விற்று, பணத்தைச் சொந்தக்காரரிடமே கொடுத்தார்கள். சில இடங்களில் காலிச் சாக்குகளைக்கூடத் திருப்பிக் கொடுத்தார்களாம். சாக்கைத் திருப்பிக் கொடுப்பவனைத் திருடன் என்று எப்படிச் சொல்வது?

சென்னை மாகாணத்துக்கு வந்த கொள்கை

இதெல்லாம் இங்கிலாந்துக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். சட்டம் அங்கே செத்தது, அதைக் கொன்ற கொள்கை நம் வீட்டுக்கு வந்தது. 1876-இல் பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் தாதுவருஷப் பஞ்சம் தொடங்கியது. ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபு ஆபத்தை உணர்ந்து 30,000 டன் தானியத்தை அரசாங்கமே வாங்க ஏற்பாடு செய்தார். லிட்டன் பிரபுவின் இந்திய அரசாங்கம் அதைக் கண்டித்தது. அரசு வாங்கினால் தனியார் வணிகம் கெடும், தானிய வியாபாரி தானே சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பான் என்பது அவர்கள் வாதம். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்பவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர்வாழப் போதாது என்று வாதாடினார். சில மாதங்கள் கழித்துக் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் போன உயிர்கள் போனதுதான். அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள்.

வியாபாரி என்ற முறையில் யோசித்துப் பார்க்கிறேன். வியாபாரி சரக்கைக் கொண்டுவருவான் என்பது உண்மை. ஆனால் வாங்கக் காசு இருக்கிற இடத்துக்குத்தான் கொண்டுவருவான். கையில் காசே இல்லாதவனுக்கு விலை ஏறினாலும் ஒன்றுதான், இறங்கினாலும் ஒன்றுதான். ஸ்மித் சொன்ன கப்பலில் அளவு குறைந்தது எல்லோருக்கும். தாதுவருஷத்தில் சிலருக்கு முழுச் சோறு, பலருக்கு ஒன்றுமில்லை.

நம் நூல்கள் சொல்வது

அப்படியானால் பழைய சட்டம் சரியா, ஸ்மித் சரியா? எனக்கு விடை கிடைத்தது எங்கள் வீட்டு அலமாரியில்தான். தமிழ்ச் சமணக் குடும்பங்களில் அருங்கலச்செப்பு படிப்பார்கள். சமந்தபத்திரர் வடமொழியில் எழுதிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவிய சிறு நூல் அது. இல்லறத்தாருக்கு உரிய ஐந்து விரதங்களையும் அவற்றுக்கு வரும் குற்றங்களையும் சமந்தபத்திரர் கணக்குப் புத்தகம் போல வரிசையாகச் சொல்கிறார். கள்ளாமை விரதத்துக்கு வரும் குற்றங்களில் கூடக் குறைய அளப்பதும், மட்டச் சரக்கைக் கலப்பதும், திருட்டுப் பொருளை வாங்குவதும் உண்டு. வாங்கி விற்பது அந்தப் பட்டியலில் இல்லை. லாங்லண்டின் குழப்பம் இங்கே கிடையாது. எடையில் திருடுவது வேறு, வாணிகம் வேறு.

ஆனால் பொருளுக்கு அளவு வைக்கும் விரதத்தில் வேறு ஐந்து குற்றங்கள் வருகின்றன. வண்டி மாட்டை அளவுக்கு மேல் ஓட்டுவது, அதிகமாகச் சேர்த்து வைப்பது, வியப்பு, பேராசை, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது. சேர்த்து வைப்பது என்றால் என்ன என்று உரையாசிரியர் பிரபாசந்திரர் விளக்குகிறார்: இந்தத் தானியம் பின்னால் பெரிய லாபம் தரும் என்ற ஆசையில் மிதமிஞ்சிக் குவிப்பது. சரி, ‘வியப்பு’ ஏன் குற்றம்? வந்த லாபத்துக்கு விற்றுவிட்டோம், பிறகு விலை இன்னும் ஏறியது, ஐயோ வைத்திருந்தால் கிடைத்திருக்குமே என்று மனம் புழுங்குவது. அதுதான் அந்தக் குற்றம். ரிக்ரேட்டையும் ரிக்ரெட்டையும் நான் குழப்பிக்கொண்டது அவ்வளவு பெரிய தப்பில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆங்கிலச் சட்டம் சரக்கு எங்கே வாங்கி எங்கே விற்கப்பட்டது என்று பார்த்தது, 4 மைல் என்று கோடு கிழித்தது. ஸ்மித் கடைசியில் ஊருக்கு என்ன பலன் என்று பார்த்தார். நம் ஆசிரியர்கள் விற்பவன் மனதுக்குள் பார்த்தார்கள். மூன்றும் வேண்டும் என்பது என் கருத்து. மனதை மட்டும் நம்பினால் பசித்தவனுக்குச் சோறு வராது, அதற்குச் சட்டம் வேண்டும். சட்டத்தை மட்டும் நம்பினால் வியாபாரி கதவைத்தான் தேடுவான்.

ஒரு சொந்தக் கணக்கு

மற்றவர் குற்றத்தை மட்டும் எழுதி முடித்தால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. 2015-இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு காலை, எங்கள் மண்டியில் ஒருவரிடம் 50 மூட்டை வாங்கினேன். சாயங்காலம் அதே தெருவில் இன்னொருவருக்கு விற்றேன். மூட்டை அவர் கிடங்கைவிட்டு நகரவே இல்லை. சீட்டில் பெயர்தான் மாறியது. ரஸ்பி செய்ததும் அதேதான்.

சிறிய மெஸ் நடத்தும் நம் ஊர் அம்மா ஒருவர் காலையில் வந்து விலை கேட்டுவிட்டு, பணம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்தார். கடையில் முதல் நாள் வந்த சரக்குதான் இருந்தது. மண்டி விலை ஏறியதால் நானும் ஏற்றியிருந்தேன். “ஐயா, காலையில ஒரு விலை சொன்னீங்க, இப்ப ஒரு விலை சொல்றீங்க. மூட்டை அதே எடத்துலதானே இருக்கு?” என்று கேட்டார். “இன்னைக்கு விலை அதுதாம்மா” என்றேன். 5 கிலோ வாங்க வந்தவர் 3 கிலோ வாங்கிக்கொண்டு போனார். சட்டப்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் 1552-ஆம் வருடத்துச் சட்டம் முழுவதும் அந்த அம்மாவின் ஒரு கேள்வியில் இருந்தது. எனக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காலையில் சொன்ன விலை அன்று இரவு வரை விலை. கைக்கு வராத சரக்கைக் கைமாற்றுவது இல்லை. தூரத்திலிருந்து கொண்டுவந்து, கல் பொறுக்கி, காயவைத்து, கடனுக்கும் கொடுத்து, மழைக்காலம் வரை காத்து விற்கிறோம் அல்லவா, அந்த உழைப்புக்கு லாபம் வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை. சரக்கும் நகராமல், நாமும் நகராமல் விலை மட்டும் நகர்ந்தால் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்த வழக்கத்தால் சில வருடங்களில் நஷ்டமும் பட்டிருக்கிறேன். அதற்காகப் புழுங்கினால் அது இன்னொரு குற்றம் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதவில்லை.

அந்த அகராதி இன்னும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சங்கத்துப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கட்டுரையில் பிழை கண்டால் பெரியவர்கள் பொறுத்து, எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வேன்.